எல்லை தாண்டி வீடு கட்டப் போகிறவர்களுக்கு

கலிபோர்னியா, அரிசோனா, டெக்சஸ் மாநிலங்களில் உள்ள பல சபைகளில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஓர் அறிவிப்பு வரும். வசந்த விடுமுறையில் மெக்சிகோவுக்குப் போய் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித் தரப் போகிறோம், வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள் என்பார்கள். அந்தப் பக்கங்களில் வேலைக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இப்படிப்பட்ட சபைகளில் இருக்கின்றன. வாலிபர் கூட்டத்துக்குப் போய் வந்த பிள்ளை அந்தப் படிவத்தை நீட்டும்போது பெற்றோருக்கு உடனே கேள்விகள் எழும். பாதுகாப்பாக இருக்குமா? எவ்வளவு செலவாகும்? சுத்தியல் பிடித்தறியாத பிள்ளை அங்கே போய் என்ன கட்டும்?

மூன்றும் நியாயமான கேள்விகள், மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: அந்த வீட்டை யார் கேட்டார்கள், கட்டி முடித்த பிறகு அது யாருடைய பொறுப்பில் இருக்கும்? பெட்டி கட்டுவதும் தடுப்பூசி போடுவதும் இரண்டு வாரத்தில் முடிகிற காரியம். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு புறப்படுவதைத்தான் நான் ஆயத்தம் என்று சொல்வேன்.

போகிற இடம் எப்படிப்பட்டது

சான் டியேகோவிலிருந்து எல்லையைக் கடந்தால் டிஹுவானா. 1965இல் மெக்சிகோ அரசு எல்லையோரத் தொழில் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வெளிநாட்டு உதிரிப் பாகங்களை வரியில்லாமல் கொண்டுவந்து, மெக்சிகோத் தொழிலாளர்களைக் கொண்டு பொருத்தி, திரும்ப ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகள் அதன்பின் பெருகின. அவற்றை 'மக்கிலதோரா' என்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, மருத்துவக் கருவி, வாகன உதிரிப் பாகம் என்று பலவும் அங்கே உருவாகின்றன. அந்த வேலையை நம்பித் தெற்கிலிருந்து, குறிப்பாக ஒஹாகா, சியாப்பாஸ், சினலோவா மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வந்தபடியே இருக்கின்றன. இன்னும் தெற்கே சான் கின்டின் பள்ளத்தாக்கில் தக்காளி, ஸ்ட்ராபெரி பறிக்கும் வயல் வேலைக்கு ஒஹாகாவின் மிஸ்டெக் பழங்குடி மக்கள் வந்து தங்கிவிட்டார்கள்.

வேலை கிடைக்கிறது, அந்தக் கூலியில் வீடு கட்ட முடிவதில்லை. நகரின் விளிம்பில் மலைச்சரிவில் சின்ன மனையொன்றைத் தவணைக்கு வாங்கி, கிடைத்ததை வைத்துக் கொட்டகை போடுகிறார்கள். கலிபோர்னியாவில் கழற்றிப் போட்ட பழைய கராஜ் கதவுகள் எல்லை தாண்டி வந்து இங்கே சுவர்களாகின்றன. சரக்கு அடுக்கும் மரப் பலகைகள், தார்ப்பாய், தகரம் எல்லாம் சேரும். சரிவில் மண் இறங்காமலிருக்கப் பழைய டயர்களை அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். எதையும் வீணாக்காமல் வாழ்க்கையை நிமிர்த்தும் கைத்திறன் அங்கே ஒவ்வொரு சரிவிலும் தெரியும். போகிறவர்கள் இதைக் கண்ணால் பார்த்து மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நமக்கு முன்பே அங்கே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தரை மட்டும் பெரும்பாலும் மண். மழைக்காலத்தில் அது சேறு. மண் தரை சிமென்ட் தரையானால் என்ன மாறும் என்பதை மெக்சிகோவே அளந்து பார்த்திருக்கிறது. கோவாகுவிலா மாநிலத்தில் 2000இல் தொடங்கிய 'பிசோ ஃபிர்மே' என்னும் அரசுத் திட்டத்தில் கான்கிரீட்டை அரசு கொடுத்தது, தரையைச் சீர்செய்து கலவையைப் பரப்பும் வேலையை வீட்டுக்காரர்கள் செய்தார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வு, மண் தரை முழுவதும் சிமென்டாக மாறினால் சிறு குழந்தைகளிடம் குடல் ஒட்டுண்ணித் தொற்று 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், இரத்தசோகை 81 சதவீதமும் குறைகிறது என்று கணித்தது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது; தாய்மார்களின் மனச்சோர்வு குறைந்தது. ஒரு தரைக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது. அதைப் போட்டவர்கள் அந்த வீட்டுக்காரர்களே என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் அழைத்துப் போகிறார்கள்

சபை தானாகக் கிளம்பிப் போவது அபூர்வம். இடையில் ஓர் அமைப்பு இருக்கும். அமோர் மினிஸ்ட்ரீஸ் 1980இல் டிஹுவானாவை ஒட்டித் தொடங்கியது. ஒய்வாம் என்று சபைகளில் அறியப்படும் யூத் வித் எ மிஷன் அமைப்பின் 'ஹோம்ஸ் ஆஃப் ஹோப்' 1990இல் அதே நகரில் முதல் வீட்டைக் கட்டியது. காசாஸ் போர் கிறிஸ்டோ 1993 முதல் எல்பாசோ நகருக்கு எதிரேயுள்ள ஹுவாரெஸில் கட்டி வருகிறது. இவர்களுடைய வீடுகள் சின்னவை. 16க்கு 20 அடி என்பது பரவலாகக் காணும் அளவு, அதாவது 320 சதுர அடி. இரண்டு நாள் முதல் நாலைந்து நாளுக்குள் கட்டி முடித்துச் சாவி கொடுத்துவிடுவார்கள்.

இவற்றிலிருந்து சற்று விலகிய வழி ஹாபிடாட் ஃபார் ஹ்யுமானிட்டியினுடையது. மில்லர்டு ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976இல் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் ஊரில் தொடங்கியது அது. அதற்கு முன் சையர் நாட்டில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) மூன்றாண்டுகள் வீடு கட்டிப் பார்த்துவிட்டுத்தான் தம்பதியர் இதில் இறங்கினார்கள். குடும்பத்தார் தம் வீட்டு வேலையில் உடல் உழைப்பைக் கொடுக்க வேண்டும், லாபம் வைக்காத கடனாக விலையையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் பல்லாண்டுகள் தன் மனைவியோடு இந்த வேலைக்கு வந்து சுத்தியல் பிடித்தார். 2006இல் மகாராஷ்டிராவின் லோனாவாலா அருகே நடந்த கட்டுமானத்துக்கும் வந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்திலும் இலங்கையிலும் ஹாபிடாட் வீடுகள் எழுந்தன. உழைப்பையும் கடனையும் குடும்பத்தின் மேல் வைப்பது கடினமாகத் தோன்றலாம். எனக்கு அதுதான் மரியாதையான வழியாகப் படுகிறது. வீட்டுக்காரர் வீட்டுக்காரராகவே இருக்கிறார், உதவி வாங்கியவர் என்ற பட்டம் அவர் மேல் ஒட்டுவதில்லை.

பணத்தைப் பற்றிய கடினமான கேள்வி

1998 அக்டோபரில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சிதைத்தது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போய் வீடு கட்டினார்கள். அங்கேயே பல்லாண்டுகள் வாழ்ந்த கால்வின் கல்லூரிப் பேராசிரியர் கர்ட் வெர் பீக், இதன் பலன் என்ன என்று ஆராய்ந்து 2006இல் எழுதினார். வெளிநாட்டுக் குழுக்கள் கட்டிய வீட்டில் குடியிருந்தவர்களையும், உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீட்டில் குடியிருந்தவர்களையும் அவர் ஒப்பிட்டார். இரு தரப்பாருடைய வாழ்விலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர் ஆனது. ஒரு குழு திரட்டிச் செலவிட்டதோ ஏறக்குறைய 30,000 டாலர். போய் வந்தவர்களிடமும் கேட்டார். தங்கள் வாழ்வே மாறிவிட்டது என்று பலர் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கொடுக்கும் காணிக்கையிலும் பழக்கங்களிலும் நிலைத்த மாற்றம் அதிகம் தென்படவில்லை.

இந்த ஆய்வைப் படித்துவிட்டுப் பயணமே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. நான் அந்த முடிவுக்கு வரவில்லை. சான் டியேகோவிலிருந்து வேனில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய அண்டை வீட்டாருக்குக் கட்டித் தருவதும், ஆளுக்கு 2,000 டாலர் விமானச் செலவில் இன்னொரு கண்டத்துக்குப் போய் ஒரு சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வருவதும் ஒன்றாகாது. கணக்கு போட்டுப் பாருங்கள். திரட்டும் பணத்தில் எவ்வளவு சிமென்டுக்கும் மரத்துக்கும் உள்ளூர்க் கொத்தனார் கூலிக்கும் போகிறது, எவ்வளவு நம் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது? முதல் பங்கு பெரிதாக இருந்தால் போகலாம். இரண்டாவது பங்கு பல மடங்கு இருந்தால், அந்தப் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பது அந்தக் குடும்பங்களுக்கு அதிகம் உதவும்.

நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 'எனக்கு இவ்வளவு தேவை' என்று மட்டும் எழுதாமல், அதில் வீட்டுக்குப் போவது எவ்வளவு, தன் செலவு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். காசோலையைப் பிள்ளையின் பெயருக்கு வாங்காமல் சபையின் பெயருக்கு வாங்க வேண்டும். அமெரிக்காவில் அப்படிக் கொடுத்தால்தான் கொடுத்தவர் வரிவிலக்குக் கோர முடியும்.

பிறகு, அழைத்துப் போகும் அமைப்பிடம் நேரடியாகக் கேளுங்கள். குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது யார், வெளியூர் அலுவலகமா அந்த வட்டாரத்து மக்களா? மனை அந்தக் குடும்பத்தின் பெயரில் இருக்கிறதா, தவணை பாக்கியா, பத்திரத்தைப் பார்த்தீர்களா? பிரச்சினைக்குரிய நிலத்தில் கட்டிய வீட்டை ஒரே நாளில் இடித்துத் தள்ளிவிட முடியும். உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலி தருகிறீர்களா? கழிப்பறை உண்டா? ஆறு மாதம் கழித்துக் கூரை ஒழுகினால் அந்த அம்மா யாரிடம் போவார்? வீடு பெறுவதற்காக அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வந்தால், விசுவாசியாக இருந்துகொண்டே நான் சொல்கிறேன், அந்த அமைப்போடு போகாதீர்கள். சாவியைக் காட்டி ஒருவரை ஜெபத்துக்கு அழைப்பது அவருடைய விசுவாசத்தையும் அவமதிப்பது, நம்முடையதையும் அவமதிப்பது.

எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டப் போன நெகேமியா, போய்ச் சேர்ந்ததும் வேலையைத் தொடங்கிவிடவில்லை. மூன்று நாள் இருந்தார். இரவில் சிலரோடு போய் மதிலைச் சுற்றிப் பார்த்தார். அதன் பிறகே வாய் திறந்தார். கட்டியபோதும் பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். மிஷன் பயணத்துக்கு முன் நடக்கும் ஆயத்த ஜெபக் கூட்டங்களில் இந்தப் பகுதியை நிதானமாக வாசிப்பது நல்லது.

தாள்கள்

அமெரிக்கக் குடிமக்கள் தரைவழியாகத் திரும்பி வருவதற்கும் 2009 ஜூன் முதல் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் அட்டை போன்ற ஓர் ஆவணம் வேண்டும். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும், சபையோ பள்ளியோ அழைத்துச் செல்லும் குழுவில் இருக்கும் 19 வயதுக்கு உட்பட்டவர்களும் பிறப்புச் சான்றிதழைக் காட்டித் தரைவழி திரும்பலாம் என்ற சலுகை உண்டு. அதை நம்பிப் போகாதீர்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. மெக்சிகோ அதிகாரி கேட்டாலும் அதுதான் வேண்டும். எல்லையில் நிறுத்தி மெக்சிகோவின் குடிவரவு அனுமதியைப் பெற்றுக்கொண்டு போவதும் கட்டாயம். வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். செல்லத்தக்க அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோவுக்குத் தனியாக விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகி, ஐ-797 என்னும் ஒப்புதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் நம்மவர்களில் நிறைய. அவர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நிலையில் அட்வான்ஸ் பரோல் என்னும் பயண முன் அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியே போனால், சில விசா வகையினர் தவிர மற்றவர்களின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள். சபைத் தலைவர்களுக்கு இந்த நெளிவு சுளிவுகள் பெரும்பாலும் தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை, அவர்களுக்கு இது நேர்ந்ததே இல்லை.

பெற்றோர் உடன் வராத பிள்ளைக்கு இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதமும், மருத்துவச் சிகிச்சைக்கான ஒப்புதலும் வேண்டும். வண்டிக்கான அமெரிக்கக் காப்பீடு மெக்சிகோவில் செல்லாது. அந்த நாட்டுக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். ஆட்களுக்கும் மருத்துவ வெளியேற்றத்தைச் சேர்த்த பயணக் காப்பீடு நல்லது. அமெரிக்க வெளியுறவுத் துறை மெக்சிகோவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக, 1 முதல் 4 வரை பாதுகாப்பு நிலை அறிவிக்கிறது. புறப்படும் வாரத்தில் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கடன் வாங்கிய பிக்அப் வண்டியில் போகிறீர்கள் என்றால் இருக்கைக்கு அடியிலும் கருவிப் பெட்டியிலும் துழாவிப் பாருங்கள். வேட்டைக்குப் போனவர் மறந்துவிட்டுப் போன ஒரேயொரு தோட்டா இருந்தாலும் அது மெக்சிகோவில் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம்.

உடம்பும் கருவியும்

டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் போட வேண்டும். ஆணியும் துருவும் உள்ள இடத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஹெபடைட்டிஸ் ஏ, டைபாய்டு ஊசிகளையும் மருத்துவர் பரிந்துரைப்பார். டைபாய்டு ஊசி வேலை செய்யக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும் என்பதால் கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள். குடிக்கவும் பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆளுக்குச் சில. வெயிலில் நாள் முழுவதும் நின்று பழக்கமில்லாதவர்கள் முதல் நாள் மதியமே சுருண்டு விழுவார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தினமும் வெளியே நடந்து, சுமை தூக்கிப் பழகுவது எந்த மாத்திரையையும் விடப் பலன் தரும்.

கையுறை, கண்ணாடி, மூடிய காலணி, தொப்பி, முழுக்கைச் சட்டை. இவற்றில் கையுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈரச் சிமென்ட் காரத்தன்மை உடையது. தோலில் தங்கினால் வலி தெரியாமலே பொசுக்கும். காலணிக்குள் இறங்கிய கலவையோடு மாலை வரை வேலை செய்துவிட்டு, இரவில் புண்ணைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. பட்ட உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், ஈரமான உடுப்பைக் கழற்ற வேண்டும். நம் ஊர்ச் சித்தாள் பெண்கள் வெறுங்கையால் கலவை அள்ளுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது மிகையான எச்சரிக்கையாகப் படலாம். அவர்களுடைய கைகளைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். சபையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சனிக்கிழமை போதும். 2க்கு 4 என்று பெயர்பெற்ற சட்டத்தை வாங்கி வையுங்கள். அதன் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம், இதை அறியாமல் கணக்குப் போட்டால் சுவர் பொருந்தாது. நடுவுக்கு நடு 16 அங்குல இடைவெளியில் சட்டங்களை நிறுத்தி, மூன்றரை அங்குல ஆணி அடித்து, 8 அடி நீளச் சுவர்ச் சட்டகம் ஒன்றை எழுப்பிப் பாருங்கள். முதல் பத்து ஆணி வளையும். வளைந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு நேராக அடிக்கக் கற்றுக்கொள்வதை அந்தக் குடும்பத்தின் சுவரில் செய்யாமல் இங்கேயே செய்து முடிப்பதற்குத்தான் இந்தச் சனிக்கிழமை. ரம்பத்தைக் கையால் ஓட்டவும் பழகுங்கள். சில அமைப்புகள் மின் கருவியே இல்லாமல் கட்டுகின்றன. மின் கருவி உள்ள இடங்களிலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களை அவற்றையும் கூரை வேலையையும் தொட விடாத அமைப்பையே தேர்ந்தெடுங்கள். ஹாபிடாட் இதில் கண்டிப்பாக இருக்கிறது.

கட்டுகிற நாட்கள்

முதலில் தரை. தொட்டியில் சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் சேர்த்து மண்வெட்டியால் புரட்டி, வாளி வாளியாகக் கை மாற்றி ஊற்றுவார்கள். சில அமைப்புகளில் உள்ளூர்க்காரர்களே முன்கூட்டித் தளம் போட்டு வைத்திருப்பார்கள். கான்கிரீட் ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுவையும், 28 நாளில் கணக்கிட்ட முழு வலுவையும் அடையும் என்பதால் இரண்டாவது முறை எனக்குப் பிடித்தது. அதற்குமேல் மரச் சட்டகச் சுவர்கள், கூரை. வெளிப்புறத்தில் கம்பி இழுத்து, தார்க் காகிதம் போர்த்தி, கோழிவலை அறைந்து, அதன்மேல் சிமென்ட் பூச்சு. வலையில் பிடிக்கும்படி முதல் பூச்சை அழுத்திப் பூசி, கீறிவிட்டு, அடுத்த பூச்சைச் சமன்படுத்துவார்கள். பார்க்கச் சுலபமாகத் தெரியும் இந்தப் பூச்சு வேலைதான் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம்.

அங்கே 'மாயெஸ்ட்ரோ' என்று அழைக்கப்படும் மேஸ்திரி இருப்பார். நம் குழுவில் கட்டுமானப் பொறியாளர் இருக்கலாம், மென்பொருள் நிறுவனத்தில் நூறு பேரை நிர்வகிப்பவர் இருக்கலாம். அந்த மனையில் எல்லாரும் மேஸ்திரிக்குச் சித்தாள்தான். அவர் சொல்கிற இடத்தில் நிற்பது, அவர் கேட்கிற பொருளை எடுத்துக் கொடுப்பது, அவர் பிடுங்கி மறுபடி அடிக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் அடிப்பது. புறப்படும் முன்பே ஒவ்வொருவரும் இதற்குச் சம்மதித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்பேன். வீட்டுத் தலைவியிடமும் கேட்க வேண்டியது உண்டு: கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், ஜன்னல் எங்கே, சுவருக்கு என்ன நிறம். அந்த வீட்டில் வாழப் போகிறவர் அவர். வேலை நேரத்தில் குடும்பத்தாரும் சேர்ந்து உழைக்க இடம் விடுங்கள். விருந்தாளிகள் எல்லா வேலையையும் பறித்துக்கொண்டால் அவர்கள் தங்கள் மனையிலேயே ஓரமாக நிற்க வேண்டி வரும்.

ஸ்பானிஷ் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள். வணக்கம் சொல்லவும் பெயர் கேட்கவும் நன்றி சொல்லவும் தெரிந்தால் நாள் நன்றாகத் தொடங்கும். 'குயிதாதோ' என்றால் ஜாக்கிரதை. ஏணிக்கு அடியில் நிற்பவர்களுக்கு அது கட்டாயம் புரிய வேண்டும். சான் கின்டின் பக்கம் மிஸ்டெக் பேசும் மூத்தவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி என்பதையும் மறக்காதீர்கள்.

கடைசி நாளில் குடும்பம் சமைத்துப் பரிமாறினால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தண்ணீர் விஷயத்தில் எச்சரிக்கையாக இருந்த குழு, சூடாகச் சமைத்த சோற்றையும் பீன்ஸையும் மறுத்து அந்தத் தாயின் முகத்தை வாடச் செய்யக் கூடாது. கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள். பழைய கொட்டகையைப் பின்னணியாக வைத்துக் குழந்தையை அணைத்தபடி எடுத்த படங்கள் நம் சபைத் திரைகளில் ஏராளமாக ஓடிவிட்டன. நம் வீட்டின் மோசமான மூலையை அந்நியர் படமெடுத்துப் போட்டால் நமக்கு எப்படியிருக்கும்? தெருவில் மிட்டாயும் பொம்மையும் வாரி இறைக்காதீர்கள். பெற்றோர் முன்னிலையில் அது அவர்களைச் சிறுமைப்படுத்தும். கொடுக்க வேண்டியது இருந்தால் உள்ளூர்ச் சபைப் பாஸ்டரிடம் கொடுங்கள், யாருக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரியும். பழைய துணி மூட்டைகளை எல்லைச் சுங்கம் தடுக்கக்கூடும். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சூழ வேலை செய்யும் பயணம் இது. உடன் வரும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடந்திருக்கிறதா, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று கேட்கப் பெற்றோர் தயங்கக் கூடாது.

திரும்பிய பிறகு

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் பெரும்பாலும் நம் கண்ணீரும் நம் அனுபவமும்தான் மேடையேறும். மேஸ்திரியின் திறமையைப் பற்றியும், தவணை கட்டி மனை வாங்கிய அந்தக் கணவன் மனைவியின் உழைப்பைப் பற்றியும் பிள்ளைகளைப் பேசச் சொல்லுங்கள். வெர் பீக் கண்டது போல, ஊக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும். அது வடியும் முன் குழு கூடி ஒரு தொகையைத் தீர்மானித்து, உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டு அடுத்த வீடுகளைக் கட்டவும் பழுது பார்க்கவும் மாதாமாதம் அனுப்ப ஏற்பாடு செய்வது நல்லது. ஆளுக்குப் பத்து டாலர் என்றாலும் பன்னிரண்டு பேர் அனுப்பினால் ஆண்டுக்கு 1,440 டாலர். சிமென்டும் கூலியும் வாங்க அது உதவும்.

ஆகவே படிவத்தில் கையெழுத்திடும் முன் அமைப்பின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். மனைப் பத்திரம், உள்ளூர்க் கூலி, கூரை ஒழுகினால் பொறுப்பு, ஆராதனை நிபந்தனை, இந்த நான்கையும் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் பிள்ளையை அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், திரட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லத் தெரிந்த இன்னோர் அமைப்பைத் தேடுங்கள்.